துண்டுக்குள் வாங்கிய படகு

போன மாதம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு லுங்கி வியாபாரி என்னைத் தேடி வந்தார். அரக்கோணத்தில் பழைய வேன் ஒன்று விலைக்கு வருகிறதாம். கூட வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். காரில் ஏறி உட்கார்ந்ததும், "பெரியவரே, வெல எவ்ளோன்னு தெரியுங்களா?" என்று ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். நான் வண்டியைப் பார்த்து முடிக்கிறவரைக்கும் விலையை என் காதில் போடக் கூடாது, போட்டால் இங்கேயே இறங்கிக்கொள்வேன் என்றேன். மனிதர் அரக்கோணம் போய்ச் சேரும்வரை மழையைப் பற்றி மட்டுமே பேசினார்.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு என்னுடைய இந்த வழக்கம் தெரியும். கிறுக்கு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலிவு என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் இன்றைக்கும் இரண்டடி பின்வாங்கிவிடுவேன். அது எப்படி வந்தது என்று திரும்பி வரும் வழியில் அந்த வியாபாரி கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். திருத்தணியில் முனிரத்தினம் முதலாளியின் பஸ் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவன். கிளீனராகச் சேர்ந்து, திட்டும் குட்டும் வாங்கி, ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். யுத்த காலத்தில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். அப்போது பெட்ரோல் கிடைக்காது. பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. பஸ்ஸுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைக் கொட்டிக் கனலவிட்டு, வருகிற புகையில் எஞ்சினை ஓட்டுவோம். அந்த உருளையின் கனம் தாங்காமல் பஸ்ஸின் மரச்சட்டம் நாளடைவில் உளுத்துவிடும். போல்ட் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். புதுச் சட்டம் போட மரம் ஏது? போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகட்டை வைத்து முடுக்கி, மேலே பெயிண்ட் அடித்துவிடுவோம். அதற்குக் கட்டுப் போடுவது என்று பேர். கட்டுப் போட்ட பஸ் இன்னும் சில மாதம் ஓடும். மெதுவாக ஓட்டினால்.

இனி முதலாளியைப் பற்றி. அவருடைய நைனா மாட்டுத் தரகர். சந்தை சந்தையாக அலைந்தவர். மகன் பஸ் முதலாளி ஆன பிறகும் மாடு பார்க்கிற கண் போகவில்லை. பழைய வண்டி வாங்கப் போனால் முதல் காரியமாக பானெட் மேல் கையை வைப்பார். வெதுவெதுப்பாக இருந்தால், "நாம வரதுக்கு முன்னாடியே சூடேத்தி வெச்சிகினு கீறான், வா போலாம்" என்று திரும்பி நடப்பார். குளிர்ந்திருந்தால் வண்டியை ஒரு வார்த்தை பேசாமல் சுற்றி வருவார். மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி தகரத்தில் எங்கே நெளிவு, எங்கே புதுப் பெயிண்ட் என்று பார்ப்பார். அப்புறம் பின்சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் எஞ்சினை ஓட்ட வேண்டும். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் தலையை அசைத்தால் பேரத்துக்கு உட்காருவார்.

பேரமும் சந்தைப் பேரம்தான். மாடு வாங்குகிறவர்கள் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்துக் கேட்பார்கள். எந்த விரலுக்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள். பக்கத்தில் நிற்பவனுக்கு முகம்தான் தெரியும், விலை தெரியாது. தலையாட்டித் துண்டை எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் பேச்சு மாறினால் அவன் மனிதனே இல்லை. முதலாளி பஸ் வாங்கியதும் அப்படித்தான், விற்றதும் அப்படித்தான்.

ஒரு வருஷம் அவர் மனைவி ராஜம்மாவுக்கு விஷ ஜுரம் வந்து, பிழைப்பது கஷ்டம் என்று கைவிரித்துவிட்டார்கள். முதலாளி மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டார். இவள் எழுந்து உட்கார்ந்தால், ஆடிக் கிருத்திகைத் தெப்பத்தின்போது பெண்டாட்டி பிள்ளைகளோடு நானும் சாமிக்கு முன்னால் தண்ணீரில் ஒரு சுற்று வருகிறேன் என்று. அந்த அம்மா எழுந்துவிட்டார். தெப்பத்தில் சாமியும் குருக்களும் மேளக்காரர்களும்தான் இருப்பார்கள்; குடும்பத்தோடு ஏற இடமில்லை. ஆகவே வேண்டுதல் நிறைவேற ஒரு படகு வேண்டும்.

அது வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். பங்களா, பியானோ, குதிரை எல்லாம் கையில் கிடைத்த விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. எண்ணூரில் ஒரு துரை உல்லாசத்துக்கு வைத்திருந்த மோட்டார் படகு விலைக்கு வருவதாகப் பட்டணத்துத் தரகர் ஒருவர் சொல்லியனுப்பினார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. படகில் நாம் போவது மட்டுமில்லை, எப்போதும் ஆட்கள் வடம் பிடித்து இழுக்கிற தெப்பத்தை அந்த ஒரு சுற்று நம் மோட்டாரே இழுக்கட்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எண்ணூரில் ஒரு கொட்டகைக்குள் படகு வெள்ளை வெளேரென்று நின்றது. எங்கள் பஸ் நீளம் இருக்கும். உள்ளே மெத்தை வைத்த ஆசனம், பித்தளைக் கைப்பிடி, கண்ணாடி ஜன்னல். முதலாளி எஞ்சின் மேல் கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. சுற்றி வந்தார். விலாவில் தட்டினார். புதுப் பெயிண்ட்தான், ஆனால் விற்க வைத்த பொருளுக்குப் பெயிண்ட் அடிப்பது சகஜம். நான் எஞ்சினைச் சுற்றிவிட்டேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கரிப்புகையில் இருமுகிற எஞ்சின்களோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு எஞ்சினை யாராவது விற்பார்களா?

முதலாளி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எஞ்சினில் குறை இல்லை; தலையை அசைத்தேன்.

முதலாளியும் தரகரும் துண்டு போட்டார்கள். சாதாரணமாக அந்தத் துண்டுக்கடியில் ஒரு சண்டையே நடக்கும். இழுப்பார்கள், உதறுவார்கள், ஒருவர் எழுந்து போவதுபோல் பாவனை செய்வார். அன்றைக்கு அவர்கள் கை அசைந்ததே தெரியவில்லை. தரகர் தலையாட்டினார். முதலாளி முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நொடி அது வடிந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

திரும்ப ரயிலேறினோம். மணவூரில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"ஏகாம்பரம், சும்மா ஆழம் பாக்கத்தான் அந்த வெரல புடிச்சேன். அவன் திருப்பி இழுக்கவே இல்ல. ஒடனே தலய ஆட்டிட்டான்."

"கம்மி வெலங்களா மொதலாளி?"

"கம்மியா? அந்த எஞ்சின மட்டும் கயட்டி வித்தா அத வுட ஜாஸ்தி வரும்."

"தொர ஊருக்குப் போற அவசரமா இருக்குமுங்க."

"ஆங், அப்பிடித்தான் இருக்கணும்" என்றார். ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே மறுபடியும், "அப்பிடித்தான் இருக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "அதுல இன்னாமோ கீது. இன்னான்னு நீதான் பாத்துச் சொல்லணும். நீ சரின்னாதான் எம் பொண்டாட்டி புள்ளைங்கள அதுல குந்த வெப்பேன்" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜம்மா, இரண்டு பெண்கள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அத்தனை பேர் உயிரும் என் தலையாட்டலில் தொங்கியது. எஞ்சினைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வேன். படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மழை பெய்தால்தான் நந்தியாற்றில் தண்ணீர் வருகிற ஊர்க்காரன் நான். நீச்சல்கூடத் தெரியாது.

படகு ரயிலில் வந்து இறங்கியது. இரண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி ஏற்றினோம். ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டு, அடிமரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். முதலாளி ஒப்பவில்லை. புதிதாக வாங்கின மாட்டைக் காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, முதலில் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் கொட்டகையில் கட்ட வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். படகுக்கும் அதுதான் முறை என்றார். அதன் மூக்கில் மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்து, நேராகச் சரவணப் பொய்கையில் இறக்கிவிட்டார்கள். தண்ணீரில் ஊறின மரத்தைத் தட்டிப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல மரமும் கெட்ட மரமும் ஒரே மாதிரி 'தொத் தொத்' என்றுதான் பேசும்.

இறக்கின அன்றைக்கே ஒழுகியது. அப்பாடா, குறை தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. ஆனால் தரகர் இதை முன்பே சொல்லியிருந்தார்: கரையில் காய்ந்த மரப்படகு முதலில் ஒழுகத்தான் செய்யும், ஊறி உப்பினதும் தானே அடைத்துக்கொள்ளும் என்று. அவர் சொன்னபடியே இரண்டு மூன்று நாளில் ஒழுகல் நின்றுவிட்டது. அவர் சொன்னது பொய்யாகப் போயிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தினமும் போய் உட்கார்ந்து தேடினேன். எஞ்சினை இருந்த இடத்திலேயே பிரித்துப் பூட்டினேன். பித்தளை பித்தளையாகவே இருந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஊர்க்காரர்கள் படியில் நின்று, "இன்னா ஏகாம்பரம், கப்பல் சீமைக்கு எப்போ போவுது?" என்று கேலி பேசினார்கள். சிரித்து வைத்தேன். ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் அதைச் சரிசெய்யலாம், இல்லை வேண்டாம் என்று சொல்லலாம். குறையே இல்லாத பொருளை ஒருவன் ஏன் விட்டெறிந்தான் என்பதற்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு பயம் கிடையாது.

வெள்ளோட்டமும் விட்டோம். முதலாளியும் நானும் மட்டும், மெதுவாக ஒரு சுற்று. ஒரு கோளாறும் இல்லை. ஆனால் தண்ணீர் மேல் கொஞ்சம் எண்ணெய் மிதந்ததைக் குருக்கள் பார்த்துவிட்டார். "முருகன் ஸ்நானம் பண்ற தீர்த்தமய்யா இது. ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் நான் தெப்பத்தை உங்க படகோட கட்ட விடமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். எஞ்சினுக்கு அடியில் சொட்டுகிற எண்ணெயைப் பிடிக்க, குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு தகரத் தட்டைச் செருகினேன். எஞ்சின் மேல் ராஜம்மாவும் பிள்ளைகளும் உட்காருவதற்கு ஒரு பலகையும் கட்டினேன். தெப்பம் நன்றாகத் தெரிகிற இடம் அதுதான்.

கிருத்திகை வந்தது. காவடியும் மொட்டையும் அரோகராவுமாக ஊர் கொள்ளவில்லை. அம்மையார்குப்பத்திலிருந்து நெசவுக்காரக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குளத்தைச் சுற்றிலும் படியில் இடம் பிடித்திருந்தன. பிற்பகல் வெயில் தாழ்கிற நேரம். நான் படகைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, சாயங்காலம் தெப்பத்தின் கனத்தை இழுக்குமா பார்ப்போம் என்று எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டேன். கட்டின படகு கயிற்றைப் பிடித்து இழுத்தது. எல்லாம் அதிர்ந்தது. நன்றாகவே இழுக்கிறது என்று நிறுத்தினேன். எவ்வளவு எண்ணெய் சொட்டியிருக்கிறது என்று பார்க்கத் தட்டை வெளியே உருவினேன்.

தட்டில் எண்ணெய் மட்டும் இல்லை. பழுப்பு நிறத்தில், ஊறின புண்ணாக்கு மாதிரி ஏதோ கிடந்தது. விரலால் எடுத்தேன். கசிந்தது. மரம்.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது அடியில் ஓடுகிற இரண்டு நீளக் கட்டைகள் மேல். ஸ்பானரை எடுத்து ஒரு நட்டை முடுக்கினேன். முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே போனது, பிடிப்பே இல்லை. அடுத்த நட்டும் அப்படியே. வெள்ளைப் பெயிண்ட்டை ஸ்பானர் முனையால் சுரண்டினேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு.

கட்டுப் போட்டிருந்தார்கள். யுத்த காலத்தில் உளுத்த பஸ்ஸுக்கு நான் போட்ட அதே கட்டு. தகடு கட்டையோடு ஒரே பெயிண்ட்டில் மறைந்திருந்ததால் அத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை. போல்ட்டைப் பிடித்து மேலே இழுத்தேன். முள்ளங்கியைப் பிடுங்குவதுபோல் கையோடு வந்துவிட்டது. மெதுவாக ஓடினால் அந்தக் கட்டு தாங்கும். தெப்பத்தை இழுத்தால் தாங்காது. எஞ்சின் கட்டையைப் பெயர்த்துக்கொண்டு அடிப்பலகையோடு போய்விடும். அதன் மேல்தான் நான் பலகை கட்டி வைத்திருந்தேன்.

எழுந்து பார்த்தேன். ராஜம்மா பட்டுப்புடவையும் இடுப்பில் குழந்தையுமாக, பெண்களைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். நடுப்படியில் முதலாளி தர்மகர்த்தாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். கத்தினால் என்ன ஆகும்? படகு உடைந்தது என்று ஒரு குரல் கிளம்பினால் போதும். அந்தக் கூட்டம் முண்டியடித்துப் படியில் சரிந்து, படகில் போகாத உயிரெல்லாம் குளத்தில் போகும். கத்தாமலும் இருக்க முடியாது. படியேறி முதலாளிக்கு எதிரே போய் நின்றேன்.

"என்னப்பா, எஞ்சின் ரெடியா?" என்றார் தர்மகர்த்தா.

நான் முதலாளியைத்தான் பார்த்தேன். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை உருவி, கையைத் துடைத்துவிடுகிறவர்போல என் வலக்கை மேல் போட்டார். துண்டுக்கடியில் அவர் விரல்கள் என் விரல்களைத் தேடின.

எத்தனையோ பேரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். என்னிடம் யாரும் துண்டு போட்டுக் கேட்டதில்லை. இந்தப் படகுக்கு நீ என்ன விலை வைக்கிறாய் என்று கேட்கிறார். ஒரு விரலுக்கும் பெறாது என்று நான் விரல்களை மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டேன். அவர் ஒரு விரலையாவது பிரிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் விரல்கள் என் முஷ்டியில் ஒட்டியிருந்த அந்தப் பழுப்பு மசியலில் பட்டு நின்றன. தேய்த்துப் பார்த்தன. அவர் கை சில்லிட்டுப் போனது எனக்குத் தெரிந்தது.

துண்டை எடுத்தார். அடுத்த நொடி குளமே திரும்பிப் பார்க்கிற மாதிரி என்மேல் பாய்ந்தார்.

"எஞ்சின பாத்துக்கடான்னு உட்டா இன்னாடா பண்ணி வெச்சிகினு கீற? நேரங்காலம் தெரியாம கயட்டிப் போட்டுட்டு வந்து நிக்கறான் பாரு! போடா அந்தாண்ட!" அதே மூச்சில் மனைவி பக்கம் திரும்பி, "ராஜி, புள்ளைங்கள இட்டுகினு மேல ஏறு. மோட்டாரு ஓடாது. ஏறுன்னா ஏறு!" என்றார்.

கூட்டம் சிரித்தது. "பஸ் பிட்டருகிட்ட கப்பல குடுத்தா இப்பிடித்தான்" என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் பயப்படவில்லை, ஒருவரும் ஓடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திட்டு வாங்கியதால் அழுகிறேன் என்று நினைத்து ஒரு பொம்பளை எனக்குப் பானகம் கொடுத்தாள். ராஜம்மா என்னைக் கோபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு படியேறினார். தெப்பத்தை எப்போதும்போல் ஆட்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். நான் ஓர் ஓரமாக நின்று மூன்று சுற்றும் பார்த்தேன்.

தரகரிடம் திருப்பிக் கொடுக்கலாமே என்று அன்றைக்குக் கேட்டேன். "துண்டுக்குள்ள தலயாட்டியாச்சி. முடிஞ்சிது" என்றார் முதலாளி. எந்த விரலைப் பிடித்தார், என்ன விலை என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வண்டி வாங்கப் போனாலும், விற்கிறவன் கைமேல் துண்டு போடுவதற்கு முன்னால் என் கைமேல் போட்டுப் பார்ப்பார்.

மறுநாள் காலை படகைக் கரையேற்றினோம். மூக்கில் கயிறு கட்டி இரண்டு ஜோடி மாடுகள் இழுத்தன. முன்பக்கம் படியில் ஏறியது. பின்பக்கம் தண்ணீரை விட்டு எழும்பும்போது உள்ளே கோணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். மாடுகள் திடீரென்று பாரம் குறைந்து முன்னால் தடுமாறின. படகு வந்துவிட்டது. எஞ்சின் வரவில்லை.

ராஜம்மா கோயிலுக்குப் போய், நிறைவேறாத வேண்டுதலுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, குழந்தையோடு மலையிறங்கி வந்தவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல இறங்கி வந்தார்.

"ஏகாம்பரம், எங்களுக்கு எங்க பலக போட்டிருந்த?"

முதலாளிதான் கையை நீட்டிக் காட்டினார். அங்கே பலகையும் இல்லை, அடிமரமும் இல்லை, கதவளவு ஓட்டை. அதன் வழியே குளத்துப் படியும், முந்தின நாள் தெப்பத்திலிருந்து உதிர்ந்த சாமந்தியும் தெரிந்தன. அந்த அம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். அன்றைக்கு ராத்திரி தூங்கப் போகிறவரைக்கும் அவர் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை என்று முதலாளி பிறகு என்னிடம் சொன்னார்.